என் பேரில் இருந்த அவர் நம்பர்

பதின்மூன்று பெண்களின் ஒரு நாள் வேலையை நான் கெடுத்திருக்கிறேன். அவர்களை வேலைக்கு அழைத்துப் போன பெண்மணியின் கைபேசி எண்ணை, அவரைக் கேட்காமல், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றினேன். நல்லது செய்வதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எந்தக் கம்பெனியின் போன் திட்டம் உயர்ந்தது என்ற வாதத்தில் அவரிடம் நான் நாலு பேர் முன்னால் தோற்றிருந்தேன். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் செய்தேன்.

நான் உத்திரமேரூரில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவர் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக் காலனியில் இருந்தார். சொந்த நிலம் ஒரு குழிகூடக் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போவது அவர் தொழில். பெருநகர் என்ற ஊரிலிருந்து தென்னேரி வரைக்கும் ஆள் வேண்டுமென்றால் நிலக்காரர்கள் அவர் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். பம்புசெட்டுச் சுவர்களில் அந்த நம்பரைக் கரியால் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் வீட்டோடு செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய ஒன்றைக் கேட்காமல் எடுத்தது ஒரு தடவை போதும். நேரில் "வாம்மா, போம்மா" என்றும், முதுகுக்குப் பின்னால் "அவள்" என்றும்தான் நான் பேசி வந்தேன். "அவர்" என்பதைப் பின்னால் பழகிக்கொண்டேன்.

எதையும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. "ஒண்ண மட்டும் பாத்தா அது நல்லாத்தான் தெரியும். பக்கத்துல இன்னொண்ண வெச்சிப் பாருங்க, அப்பதான் மூஞ்சி தெரியும்" என்பார். பஸ் வந்தால் ஏற மாட்டார். பின்னால் வருகிற பஸ் எங்கெங்கே நிற்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் ஏறுவார். அதற்குள் முதல் பஸ் போய்விட்டிருக்கும். அதில் அவருக்கு வருத்தமில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரே நாளில் காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று போய்விட்டு வந்தார். நாள் விட்டுப் பார்த்தால் முதலில் பார்த்தது மறந்துவிடுமாம். பல் வலிக்கு இரண்டு டாக்டர்களிடம் போனார். ஒருவர் மேல் பல்லைப் பிடுங்கச் சொன்னார், இன்னொருவர் கீழ்ப் பல்லை. இரண்டு பேரும் ஒத்து வரட்டும் என்று காத்திருந்தார். வலி தானாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்த இரண்டு கிறிஸ்தவ சபைகளுக்கும் மாறி மாறிப் போவார். ஒன்றில் பாட்டு நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் பிரசங்கம் சீக்கிரம் முடிகிறது என்று காரணம் சொன்னார். இரண்டு போதகர்களும் அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் போன் வந்தால் என்ன ஆகும்? அந்தப் போன் வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் முதல் சிம் வாங்கப் போனபோது கடையில் அத்தாட்சி கேட்டார்கள். அவருடைய ரேஷன் கார்டு பெயர் திருத்தத்துக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. நான் தற்செயலாக அங்கே நின்றிருந்தேன். என்னுடைய அடையாள அட்டையின் நகலைக் கொடுத்து, என் பேரில் சிம் வாங்கிக் கொடுத்தேன். பெரிய உதவிதான். அதை அவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவேன்.

அவர் வைத்திருந்தது மலிவான கம்பெனியின் சிம். நான் வைத்திருந்தது பெரிய கம்பெனியின் போஸ்ட்பெய்டு இணைப்பு: மாதம் முழுக்கப் பேசிவிட்டுக் கடைசியில் பில் கட்டுகிற வகை. அது கௌரவமானது என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அதை அவருக்கு விளக்கினேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"போஸ்டுப் பேயா? பேருக்கு ஏத்த மாரிதான் கீது. மாசம் பொறந்தா வூட்டாண்ட வந்து நிக்கும் போல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. என் திட்டத்தில் இன்டர்நெட் உண்டு, சினிமா உண்டு, வெளிநாடு போனால் அங்கேயும் பேசலாம் என்று அடுக்கினேன். புள்ளலூரைத் தாண்டினாலே தனக்கு அது வெளிநாடுதான் என்றார் அவர். இன்டர்நெட்டில் நாற்று நட முடியுமா என்று கேட்டார். பிறகு, கம்பெனிகள் மாதத்தை இருபத்தெட்டு நாளாக ஆக்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்கு அவர் "கம்பெனி மாசம்" என்று பேர் வைத்திருந்தார். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் போய்ப் பதின்மூன்று மாதம் வந்ததை ஊரில் யாருமே கேட்கவில்லை, பஞ்சாங்கம் எழுதுகிறவராவது கேட்டிருக்க வேண்டாமா என்றார். அவருக்கு மாதக் கணக்கே வேண்டாம், ஒரு போக விளைச்சலுக்கான பட்டக் கணக்கு போதும். கடைக்காரரிடம் அவர் ரீசார்ஜ் கேட்கிற விதமே தனி: "நாத்து நட்டா அறுப்பு வரிக்கும் வர்ற மாரி ஒண்ணு போடு." கடைக்காரர் எண்பத்து நாலு நாள் திட்டத்தைப் போட்டுவிடுவார். குறுவை ரகத்துக்கு அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

நான் அலைவரிசையைப் பற்றிப் பேசினேன். கோபுரம், மின்காந்த அலை, பெரிய கம்பெனியின் முதலீடு என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சார், ஏரிக்கரைக்கு வாங்க, பாத்துருவோம்" என்றார்.

பாதிக் கடை எங்களோடு வந்தது. அவர் சோதிக்கிற முறை இப்படி: இரண்டு கைபேசிகளை எடுத்துக்கொள்வார். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடுவார். ஒன்றை வலது காதிலும் மற்றதை இடது காதிலும் வைத்துக்கொண்டு, "அலோ, நான்தான் பேசறேன்" என்பார். பிறகு தானே, "சொல்லுக்கா, கேக்குது" என்பார். இதை, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலங்கல், பம்புசெட்டு, காலனி என்று இடம் இடமாக நின்று செய்வார். புதிதாகப் பார்ப்பவர்கள் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைப்பார்கள். அன்றைக்கு ஒரு கையில் அவர் போன், இன்னொரு கையில் என் போன். கலங்கலில் இரண்டும் பேசின. பம்புசெட்டில் என் போன் இருமியது. காலனிக்கு வந்ததும் என் போனில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன, ஆனால் பேச்சு வரவில்லை. அவருடைய போனில் ஒரே ஒரு கோடு. அதில் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார், கணீரென்று பேசியது.

சிக்னலின் வலிமை வேறு, நெரிசல் வேறு என்று நான் விளக்கப் போனேன்.

"நாலு கோடு நின்னு இன்னா சார்? எங்க வூட்டுக்காரரு மாரி. பாக்க ஆளு ஜோரு. வேலைக்கு மட்டும் எழுந்துக்க மாட்டாரு."

அவருடைய வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம் என்று சொன்னேன்.

அந்த வாரமே பெரிய கம்பெனி எனக்கு ஒரு செய்தி அனுப்பியது. என்னுடையது குடும்பத் திட்டம். நான், மனைவி, மகன் என்று மூன்று எண்கள் அதில் இருந்தன. "உங்கள் குடும்பத்தில் இன்னும் ஓர் இடம் காலியாக உள்ளது" என்றது செய்தி. நாலாவது எண் இலவசமாம். எனக்கு உடனே அவர் நம்பர் நினைவுக்கு வந்தது. அது என் பேரில்தானே இருந்தது.

ஆங்கிலத்தில் செய்தி வந்தால் படித்துச் சொல்லச் சொல்லி அவர் என்னிடம் போனைக் கொண்டுவருவார். அன்றும் வந்தார். என் மனைவி கொடுத்த மோரை அவர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் போனிலிருந்து, கம்பெனி மாறுவதற்கான செய்தியை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் குறியீடு வந்தது. அதைத் தினசரித் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, வந்த செய்தியை அழித்தேன். எல்லாம் விளம்பரம்தான் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் போன் அணைந்துபோயிற்று. நேராக என் வீட்டுக்கு வந்தார். பட்டத்துக்குப் போட்டது இன்னும் பாதிகூட முடியவில்லையே, ஏன் டவர் இல்லை என்று கேட்டார். நான் புது சிம்மை மேசைமேல் வைத்தேன். பிறந்தநாள் பரிசு கொடுக்கிறவன் முகத்தில் இருக்கிற சிரிப்பு என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். இனிமேல் நீ ஒன்றும் கட்ட வேண்டாம், உன் நம்பர் எங்கள் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது என்றேன்.

அவர் சிம்மைத் தொடவில்லை.

"யாரக் கேட்டு சார்?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "யாரைக் கேட்கணும்? என் பேர்ல இருக்கிற நம்பர்தானே அது."

சம்பா நடவு தொடங்கியிருந்தது, மறுநாள் பெருநகரில் ஒரு பெரிய நிலத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவருக்கு வாதாட நேரமில்லை. சிம்மை எடுத்துப் போனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய ஆட்கள் பேசிக்கொண்ட முறை எனக்கு அப்போது தெரியாது. விடியற்காலையில் பெண்கள் ஒவ்வொருவரும் அவர் நம்பருக்குப் போன் போட்டுத் துண்டிப்பார்கள். ஒரு ரிங் என்றால் வருகிறேன். அதற்கு மேல் அடித்தால் வரவில்லை. பேசுவதற்குக் காசு பிடித்த காலத்தில் ஏற்பட்ட பழக்கம். பேச்சு இலவசமான பிறகும் அதை விடவில்லை. விடியற்காலையில் யாருக்கும் பேசப் பிடிக்காது, ரிங் போதும் என்பார்கள்.

பெரிய கம்பெனி, புது உறுப்பினரை வரவேற்கும் விதமாக, அவர் நம்பருக்கு ஒரு காலர் டியூன் வைத்திருந்தது. பெண்கள் ரிங் எண்ணப் போனால் காதில் மணியே அடிக்கவில்லை. நாதஸ்வரத்தோடு பக்திப் பாட்டு ஒன்று ஓடியது. அதில் எது ஒரு ரிங், எது இரண்டு? சிலர் பல்லவி முடிந்ததும் துண்டித்தார்கள். ஒரு பெண், பாட்டு நன்றாக இருந்ததால் கடைசிவரை கேட்டதாகப் பின்னால் ஒப்புக்கொண்டாள். இந்தப் பக்கம், டவருக்காகக் காலனியின் பூவரச மரத்தடியில் போய் நின்றிருந்த அவருக்குப் பதின்மூன்று போனும் நீளமாக அடித்து ஓய்ந்தன. பதின்மூன்று பேரும் வரவில்லை. ஊரில் ஏதோ சாவு போலிருக்கிறது என்று நினைத்து, பெருநகர் நிலக்காரரைக் கூப்பிட்டு, இன்றைக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சாவு யார் வீட்டில் என்று விசாரிக்கப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே பதின்மூன்று பேரும் சோற்றுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே டவர் இருந்ததால் மறுபடியும் கூப்பிட்டார், ஆனால் நிலக்காரர் அதற்குள் வேறு ஊரிலிருந்து ஆள் சொல்லிவிட்டார்.

மாலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு காகிதத்தில் மடித்த சிம்மை மேசைமேல் வைத்தார்.

"உங்க நம்பரு சார். நீங்களே பேசிக்கோங்க."

அடுத்த நாளே நான் கடைக்கு ஓடினேன். பழைய கம்பெனிக்கே மாற்றித் தரச் சொன்னேன். ஒரு தடவை மாறினால் தொண்ணூறு நாள் கழித்துத்தான் மறுபடி மாற முடியும் என்றார் கடைக்காரர். நம்பரை அந்த அம்மா பேருக்கு மாற்றுவதையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சம்பா நடவு முழுக்க அந்தத் தொண்ணூறு நாளுக்குள் அடங்கிவிடும்.

காலர் டியூனை நிறுத்தினேன். ஆனால் காலனியில் டவரை நிறுத்தி வைக்க என்னால் முடியுமா? என் வீட்டில் மட்டும் நாலு கோடும் குறைவில்லாமல் நின்றன. எனவே சிம்மை ஒரு பழைய போனில் போட்டு அலமாரியில் வைத்தேன். அவர் புதிதாக ஒரு மலிவு சிம் வாங்கிக்கொண்டார். சுவர்களில் எழுதியிருந்த நம்பருக்கு வருகிற அழைப்புகளை நான் கேட்டு, அவருடைய புது நம்பருக்குச் சொல்வது என்று ஏற்பாடு. அதை ஏற்பாடு என்று சொல்வதுகூடத் தவறு. நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் அழைப்பு தென்னேரியிலிருந்து வந்தது. என் குரலைக் கேட்டதும் எதிரில் இருந்தவர், "யாருய்யா நீ?" என்றார். நான் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் என்று ஆரம்பித்தேன்.

"அத வுடுய்யா. ஆளு வருமா வராதா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். அடுத்து வந்த அழைப்புக்கும் அதே நாளில் வரும் என்றேன். இரண்டையும் அவரிடம் பெருமையோடு சொன்னபோது, எந்தெந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்: கேட்டதும் சரி என்று சொல்லக் கூடாது. நாற்று எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். பதினொரு மணிக்கு டீ உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று இடத்தை வைத்துப் பார்த்து அவர்தான் முடிவு சொல்வார்.

அப்படியே செய்தேன். பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் இரண்டு போன், ரேஷன் கடைக்குப் போனாலும் இரண்டு போன். நிலக்காரர்கள் என்னை அவருடைய வீட்டுக்காரர் என்று நினைத்து, "அண்ணே, வூட்ல கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினார்கள். முதலில் மறுத்தேன்; பிறகு நேரம் வீணாகிறது என்று விட்டுவிட்டேன். ஒருவர் டீ தர முடியாது என்றபோது நான் கோபப்பட்டு அவரோடு கால் மணி நேரம் வாதாடினேன். என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம் பெல் அடித்தால் வகுப்புக்கு ஓடினீர்கள், இப்போது பெல் அடித்தால் வயலுக்கு ஓடுகிறீர்கள், இதற்குப் பென்ஷன் உண்டா என்று கேட்டாள்.

தொண்ணூறு நாளும் அவர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்வேன். "சரி" என்பார். வைத்துவிடுவார்.

கார்த்திகையில் கடைக்குப் போனோம். நம்பரை அவர் பேருக்கு மாற்றி, பழைய கம்பெனிக்கே கொண்டுபோக வேண்டும். கைரேகை வைக்கச் சொன்னார் கடைக்காரர். கட்டைவிரல் பதியவில்லை. துடைத்து வைத்தார், பதியவில்லை. வருஷக்கணக்காகச் சேற்றில் நாற்று ஊன்றிய விரல்கள். வலது கையில் ஒன்றுமே எடுபடாமல், இடது கையில் மோதிர விரலுக்கு இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது. விரலை எடுக்காமலே அவர், "இப்ப யாரு பேர்ல கீது?" என்று கேட்டார். கடைக்காரர் சொன்னார். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கடைக்காரர் திரையைப் பார்த்து அவருடைய பெயரை, அப்பா பெயரோடு, சத்தமாகப் படித்தார். அவர் என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பெருநகர் நிலம் போனது போனதாகவே இருந்தது. அந்த நிலக்காரர் அன்றைக்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அந்தப் பக்கத்தில் பெரிய நிலம் அவருடையதுதான். நான் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். தவறு என்னுடையது, அந்த அம்மா மேல் குற்றமில்லை, தயவுசெய்து அடுத்து வருகிற நவரைப் பட்டத்துக்கு அவர்களையே கூப்பிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டேன். அவர் மரியாதையானவர். காப்பி கொடுத்தார். கூப்பிடுகிறேன் என்றார். நான் மிகுந்த திருப்தியோடு ஊர் திரும்பினேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"பெருநகராரு போன் பண்ணாரு சார். ஒங்க சாரு வந்து அவ்ளோ கெஞ்சினாரு, பாவம்னுதான் கூப்புடறேன், கூலிய கொஞ்சம் கொறச்சிக்கோன்றாரு."

கூலியைக் குறைக்கச் சொன்னாரா என்றேன்.

"நான் எந்த நெலத்துலயும் போயி வேல குடுன்னு நின்னதில்ல. அவங்க கூப்புடுவாங்க, நாலு எடத்த வெச்சிப் பாத்து நான் சொல்லுவேன். அதுக்குத்தான் சார் அந்த நம்பரு. நீங்க எனுக்காகப் போயி நின்னுட்டீங்க."

பெருநகராருக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். வேறு இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த வாரம் இல்லை என்றார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார். அது போதும்."

என் மனைவி உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏரிக்குக் கீழே எனக்கு ஓர் ஏக்கர் நிலம் உண்டு. குத்தகைக்கு எடுத்திருந்தவர் அந்த வருஷம் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நிலம் சும்மா கிடந்தது. நானே நவரை வைப்பது என்று முடிவு செய்தேன். ஆளை விட்டு உழுது, நாற்று விட்டு, இருபதாம் நாள் அவர் நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு நிலக்காரன் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். ஓர் ஏக்கர் நடவு, ஆள் வேண்டும் என்றேன்.

"நாத்து எத்தினி நாளு?"

இருபது என்றேன். ஏரித் தண்ணீர் நிற்கிறது என்றேன். டீ உண்டு, கூட வடையும் உண்டு என்றேன். வடை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். யார் பேசுவது என்று கேட்டார். சொன்னேன்.

"லைன்ல இருங்க" என்றார். காத்திருந்தேன். திரும்பி வந்தார்.

"ஒங்களுக்கு முன்ன நாலு பேரு கீறாங்க சார். அஞ்சாவதா வெச்சிக்கிறேன். நாத்து முத்திப்பூடும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

காத்திருக்கிறேன் என்றேன்.

பக்கத்து நிலக்காரர்கள் இயந்திரம் விட்டு நடச் சொன்னார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஆள் வருவார்கள் என்றார்கள். படித்தவருக்கு விவசாயம் எதற்கு என்றும் சொன்னார்கள். நாற்று முப்பது நாளைத் தாண்டியது, முப்பத்தைந்தைத் தாண்டியது. தினமும் காலையில் நாற்றங்காலுக்குப் போய்ப் பார்ப்பேன். அது எனக்காக நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போயிற்று. நான் வேறு ஆள் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் காலை அவர் ஆட்களோடு வந்தார். வரப்பில் நின்று நாற்றங்காலைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, நாத்தா கரும்பா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். இறங்கியபடியே திரும்பி ஆட்களிடம் சொன்னார்: "குத்துக்கு ரெண்டு நாத்து சேத்து வையிங்கடி. சாரு நாத்து கெயடு."

முற்றிய நாற்று கிளை வெடிக்காது, அதனால் குத்துக்கு இரண்டு கூடுதலாக வைத்தால்தான் கொஞ்சமாவது தேறும் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் கூடுதல் நாற்றைப் பிரித்து ஊன்ற வேண்டியிருந்ததால் பெண்களுக்கு வேலை அதிகம். ஒரு பெண் முணுமுணுத்தாள். இப்படியே நட்டால் மத்தியானத்துக்குள் முடியாது என்றாள். முடியும்வரை இருப்போம் என்றார் அவர். மாலை நாலு மணிவரை இருந்தார்கள். வடையை மட்டும் பதினொரு மணிக்கே முடித்துவிட்டார்கள்.

அறுவடையில் விளைச்சல் பக்கத்து நிலத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவாவது வந்தது அந்தக் கூடுதல் நாற்றால்தான் என்று நெல் தூற்ற வந்தவர் சொன்னார். அடுத்த பட்டத்துக்கு, விதை ஊறவைப்பதற்கு முன்பே, அவரைக் கூப்பிட்டேன். லைனில் இருக்கச் சொன்னார். இருந்தேன்.

மூன்றாவது ஆளாக வைத்துக்கொண்டார்.